நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம்

நாங்கள் ஆடிய பாஸ்கெட் பந்தாட்டத்தைப் பற்றி இன்றைக்கு யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். பக்கத்துக்கு ஆறு பேர். மைதானத்தின் நடுவில் ஒரு கோடு. மூன்று பேர் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று தடுக்கவேண்டும், மூன்று பேர் அந்தப் பக்கம் நின்று கூடையில் போடவேண்டும். பிராணன் போனாலும் ஒருவரும் கோட்டைத் தாண்டக்கூடாது. பந்தைத் தரையில் ஒரு தடவைக்கு மேல் தட்டவும் கூடாது. உலகம் முழுக்க இப்படித்தான் ஆடுகிறார்கள் என்று நாங்கள் மனதார நம்பிக்கொண்டிருந்தோம்.

திருவள்ளூரில் பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் அப்போது எனக்கு இரண்டாம் வருஷம். ஆந்திரா பிரிந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. எங்கள் ஊத்துக்கோட்டை எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று விடுதியில் என்னைச் சீண்டுவார்கள். என் நைனா வேர்க்கடலை வியாபாரி. அவருக்கு டப்பு தமிழில் வந்தாலும் தெலுங்கில் வந்தாலும் ஒன்றுதான். மகள் டீச்சராகி உள்ளூர்ப் பள்ளியிலேயே உட்கார்ந்தால் போதும் என்பது அவர் கணக்கு. எனக்கும் அதில் பெரிய வருத்தம் எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடவேண்டும்.

எங்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்த டிரில் டீச்சர் எங்களைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். காஞ்சிபுரத்துப் பக்கத்தவர். அவர் தன் ஆயுளில் ஒரு பாஸ்கெட் பந்தாட்டத்தைக்கூடப் பார்த்ததில்லை. சுதந்திரத்துக்கு முன்னால் அந்தப் பள்ளியில் இருந்து கப்பலேறிப்போன ஒரு வெள்ளைக்கார அம்மாள் விட்டுச்சென்ற புத்தகம்தான் அவருக்கு எல்லாம். அட்டை போய், கரையான் ஓரம் தின்ற புத்தகம். அதில் நீண்ட பாவாடையும் தொப்பியுமாகச் சில வெள்ளைக்காரப் பெண்கள் கையை உயர்த்தி நிற்கும் படங்கள் இருந்தன. ஏதாவது சந்தேகம் வந்தால் டீச்சர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அந்தப் படத்தைப் பார்ப்பார், பிறகு எங்களைப் பார்ப்பார், எங்கள் கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தச் சொல்வார்.

கம்பத்துக்குப் பனைமரம். வளையம் வண்டிச்சக்கரத்துக்குப் பட்டை போடும் கருமான் அடித்துக் கொடுத்தது. அதற்குப் பின்னால் பலகை இருக்கவேண்டும் என்று புத்தகத்தில் இல்லை, ஆகவே எங்களுக்கும் இல்லை. மைதானம் வெறும் மண். புழுதி கிளம்பாமல் இருக்கச் சனிக்கிழமைதோறும் நாங்களே அதை நெற்களம் போலச் சாணி போட்டு மெழுகுவோம். சந்தைக்கு வரும் மாட்டுவண்டிகளின் பின்னால் கூடையோடு நடப்போம். நாளைக்கு வாத்தியாரம்மா ஆகப்போகிறவர்கள் என்று வண்டிக்காரர்களுக்குத் தெரியாது. சுண்ணாம்புக் கோடு மழைக்கு நிற்கவில்லை என்று நடுவில் மட்டும் ஒரு சாண் அகலத்துக்கு வெட்டி, செங்கல் தூளும் சுண்ணாம்பும் போட்டுக் கெட்டித்திருந்தோம். அந்தக் கோட்டை மிதித்தவள் விடுதிக்குப் பத்துக் குடம் தண்ணீர் இறைக்கவேண்டும். முதல் மாதம் எல்லோரும் இறைத்தோம். அப்புறம் கால் தானாகக் கற்றுக்கொண்டது. சாப்பிடப் போகும்போதுகூட அந்தக் கோட்டைச் சுற்றிக்கொண்டுதான் போவோம். கனவில் ஓடினாலும் அங்கே வந்து நின்றுவிடுவேன்.

விடுதியில் ஒருவரையொருவர் ஊர்ப் பெயரால்தான் கூப்பிடுவோம். நான் ஊத்துக்கோட்டை. தலைவி பொதட்டூர்பேட்டை, அவள் வாய்க்கு அந்தப் பெயர் நீளம் என்று அவளே பொதட்டூர் என்று சுருக்கிக்கொண்டாள். பழவேற்காட்டில் இருந்து வந்திருந்த முஸ்லிம் வியாபாரி வீட்டுப் பெண் ஒருத்தி, இன்னும் இருவர். ஆறாவது ஆள் எளாவூர்.

பயிற்சி விடியற்காலையில். மார்கழியில் மைதானம் முழுக்கப் பனி இறங்கியிருக்கும். எதிர்க் கம்பம் கண்ணுக்குத் தெரியாது. நான் தடுப்பாட்டக்காரி, இந்தப் பக்கத்து ஆள். பந்தைப் பிடித்து, கோட்டுக்கு முன்னால் நின்று, அந்த வெள்ளைக்குள் வீசுவேன். அது போய்விடும். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது. பிறகு இரும்பு வளையத்தில் உராயாமல் பந்து கீழே இறங்கும் மெத்தென்ற சத்தம், சாணித்தரைச் சத்தம், எங்கிருந்தோ வரும். அப்படி என்றால் எளாவூர் போட்டுவிட்டாள். எத்தனையோ காலைகளில் அவள் பந்து போடுவதை நான் காதால்தான் பார்த்தேன். அரக்கோணம் பக்கம் போகும் ரயிலின் புகை தாழ வந்து பனியோடு கலந்துவிடும். அரைத் தூக்கத்தில் இருப்பது மாதிரியும் இருக்கும், அதைவிட நன்றாக விழித்திருந்ததே இல்லை என்கிற மாதிரியும் இருக்கும். அந்தப் பக்கத்தில் என்னதான் இருக்கிறது என்று ஒரு ஏக்கம் எனக்குள் ஊறிக்கொண்டே இருந்தது. நாற்பது அடி தூரம்தான். பகலில் போய் நின்று பார்த்தால் வெறும் தரை.

எளாவூர் ஒல்லி, கறுப்பு, பேச்சு குறைவு. அவளுடைய அப்பாவும் அம்மாவும் அந்த ஊர் நிலங்களில் கூலிக்கு நடவு நட்டவர்கள். அந்தக் குடும்பத்தில் எட்டாவதைத் தாண்டிய முதல் ஆள் அவள்தான். பந்தை இரண்டு கையாலும் நெற்றிக்கு நேராகத் தூக்கி, கொஞ்சம் நின்று, விடுவாள். அவசரப்படுத்தினாலும் அந்தக் கொஞ்ச நேரத்தை விட்டுக்கொடுக்கமாட்டாள். எனக்கு அவளை மிகவும் பிடிக்கும். என் பாய்க்குப் பக்கத்தில்தான் அவள் பாய்.

ஆடி மாதம் ஊருக்குப் போய் வந்தவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டே சொன்னாள். அவளுடைய அக்கா பிரசவத்தில் தவறிப் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. இரண்டு குழந்தைகள். சின்னதற்கு இன்னும் பல் முளைத்து முடியவில்லை. பயிற்சி முடிந்ததும் அக்கா புருஷனுக்கே இவளைக் கட்டிவைப்பது என்று பெரியவர்கள் பேசிவிட்டார்கள். குழந்தைகள் மாற்றாந்தாயிடம் சீரழியக்கூடாது, வேறு என்ன வழி என்று கேட்டார்களாம்.

"மாமா மாமான்னு கூப்ட்டுக்கினு இருந்தவருடி. எங்கக்கா ஊட்டுக்குப் போனா பாய் போட்டுக் குந்தவச்சி நாஷ்டா குடுத்தவரு. அவர எப்பிடிடி?" என்றாள். நான் அவள் துணியையும் சேர்த்து அலசினேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் சீசன் ஆரம்பமானது. புத்தகத்துக்காரி வெள்ளைக்கார அம்மாள் சுற்றுவட்டாரத்தில் இன்னும் சில பெண்கள் பள்ளிகளிலும் இதே ஆட்டத்தை விதைத்துவிட்டுப் போயிருந்தாள். அவர்களோடு மாறிமாறி ஆடினோம். புடவைக் கொசுவத்தை இழுத்துப் பின்னால் செருகி, தோளிலும் இடுப்பிலும் ஊக்கு குத்தி, வெறுங்காலோடு ஆடுவோம். ஓரிடத்தில் ஆட்டத்தின் நடுவே மாடு புகுந்தது. ஓரிடத்தில் மழை பிடித்துக்கொண்டு தோல்பந்து தண்ணீர் குடித்துப் பலாப்பழம் மாதிரி கனத்துவிட்டது. அந்தக் கனத்தோடும் எளாவூர் போட்டாள். நாங்கள் தோற்கவே இல்லை. திரும்பி வரும்போது மாட்டுவண்டியில் ஒருத்தி மடியில் ஒருத்தி சாய்ந்து கிடப்போம். பொதட்டூர் ஒருவரையும் விடாமல் கிண்டல் செய்துகொண்டு வருவாள். எளாவூர் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டு வருவாள். அந்த மாதங்களில் எனக்கு வயது என்று ஒன்று இருந்ததாகவே நினைவில்லை.

தை பிறந்ததும் மெட்ராஸில் இருந்து ஒரு கடிதம் வந்தது. அங்கே ஒரு பெரிய அலுவலகத்தில் பெண்களுக்கென்று ஓர் அணி வைத்திருந்தார்கள். காலையில் குமாஸ்தா வேலை, மாலையில் பயிற்சி. வேலை பேருக்குத்தான், சம்பளம் ஆட்டத்துக்கு. அந்த அணியை நடத்தும் அம்மாள் எங்கள் வெற்றிகளைப் பற்றி யார் மூலமாகவோ கேள்விப்பட்டு, தன் அணியோடு வந்து ஒரு ஆட்டம் ஆடும்படி அழைத்திருந்தார். அணியில் ஓர் இடம் காலியாக இருப்பதாகவும், தகுந்த பெண் இருந்தால் எடுத்துக்கொள்வதாகவும் கடைசி வரியில் எழுதியிருந்தார்.

டிரில் டீச்சர் அந்த வரியைப் படித்துவிட்டு நிமிர்ந்து எளாவூரைத்தான் பார்த்தார். நாங்கள் எல்லோரும் அவளைத்தான் பார்த்தோம். அதில் யாருக்கும் இரண்டு எண்ணம் இல்லை.

அன்று படுக்கும்போது அவள் என் பக்கம் திரும்பிச் சொன்னாள். "டீச்சர் வேல எப்ப வருமோ. இந்த வேல கெடச்சிட்டா கொழந்தங்கள நானே இட்டுக்கினு போய் வளத்துக்குவேன். கட்டிக்கினுதான் வளக்கணும்னு இன்னா இருக்குது? சம்பளம் வாங்குற பொண்ண அவங்க ஒண்ணும் பேச முடியாது." இவ்வளவு நீளமாக அவள் பேசி நான் கேட்டதில்லை. நான் எல்லாப் பந்தையும் அவளுக்கே வீசுவதாகச் சொன்னேன். வேறு யாருக்கு வீசப்போகிறாய், அந்தப் பக்கம் நான்தானே இருக்கிறேன் என்று சிரித்தாள்.

மெட்ராஸ் மைதானத்தைப் பார்த்ததும் வாசலிலேயே ஒட்டிக்கொண்டு நின்றோம். தரை சிமெண்டு. வளையத்துக்குப் பின்னால் கதவு அகலத்துக்கு வெள்ளைப் பலகை. எதிரணிப் பெண்கள் அரைக்கால் சட்டையும் கான்வாஸ் ஷூவும் போட்டுக்கொண்டு, பந்தைத் தட்டிக்கொண்டே மைதானத்தின் இந்த முனையில் இருந்து அந்த முனைக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். எவளும் கோட்டில் நிற்கவில்லை. தண்ணீர் இறைக்கவேண்டுமே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

நடுவர் வந்து எங்களை எண்ணினார். மறுபடியும் எண்ணினார். பக்கத்துக்கு ஐந்து பேர்தான், யார் வேண்டுமானாலும் எங்கு வேண்டுமானாலும் ஓடலாம், பந்தை எத்தனை முறை வேண்டுமானாலும் தட்டலாம் என்றார். டிரில் டீச்சர் பையில் இருந்து புத்தகத்தை எடுத்து நீட்டினார். நடுவர் மரியாதையாக வாங்கி, இரண்டு பக்கம் புரட்டி, இது இந்தக் காலத்து ஆட்டம் இல்லீங்களே அம்மா என்று திருப்பிக் கொடுத்தார். டீச்சரின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஒருத்தி வெளியே உட்காரவேண்டியதாயிற்று. பழவேற்காட்டுக்காரி தானாகவே உட்கார்ந்தாள். எங்கள் வளையல்களை எல்லாம் கழற்றி அவள் மடியில் போட்டோம்.

ஆட்டம் தொடங்கியது. அதை ஆட்டம் என்று சொல்வது அவர்களைப் பொறுத்தவரை சரி. அவர்கள் ஐந்து பேரும் எங்கள் பக்கம் வந்து போட்டுவிட்டு, ஐந்து பேரும் திரும்பி ஓடினார்கள். நாங்கள் துரத்திக்கொண்டு போவோம். கோடு வரும். நின்றுவிடுவோம். தாண்டலாம் என்று காதால் கேட்டிருந்தோம், காலுக்கு அது போய்ச் சேரவில்லை. பொதட்டூர் ஒரு தடவை வேகமாக வந்து நின்றதில் குப்புற விழுந்தாள், அதுவும் கோட்டுக்கு இந்தப் பக்கமாகவே. பார்க்க வந்தவர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். அந்தப் பக்கம் எளாவூர் தனியாக நின்றுகொண்டிருந்தாள். பந்து அவளிடம் போய்ச் சேரும்முன் அவர்கள் பறித்துவிட்டார்கள். அப்படியும் கைக்கு வந்த இரண்டு பந்தையும் அவள் பலகையைத் தொடாமல் உள்ளே இறக்கினாள். மைதானத்தின் ஓரத்தில் வெள்ளைப் புடவையில், கடிதம் எழுதிய அந்த அம்மாள் உட்கார்ந்து குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார்.

முடிய ஒன்றிரண்டு நிமிஷம் இருக்கும். வெயில் சாய்ந்து சிமெண்டுத் தரை முழுக்க மஞ்சளாகிவிட்டது. அவர்கள் எறிந்த பந்து வளையத்தில் பட்டு நேராக என் கையில் வந்து விழுந்தது. எதிரில் ஆளே இல்லை. ஒரு தடவை தட்டினேன். சிமெண்டில் பந்து என் இடுப்புக்கு மேலே துள்ளி வந்தது, என்னைக் கூப்பிடுவது மாதிரி. இன்னொரு தடவை தட்டினேன். கோடு வந்தது. அன்றைக்கு அது வெறும் பெயிண்ட்.

தாண்டிவிட்டேன்.

அதற்குமேல் என்ன நடந்தது என்று கோவையாகச் சொல்ல எனக்கு வராது. சிரித்துக்கொண்டிருந்தவர்களின் சத்தம் நின்றுவிட்டது. அல்லது எனக்குக் கேட்கவில்லை. கால் தரையில் படுகிறதா என்று தெரியவில்லை. அந்தப் பக்கத்துக் காற்றே வேறாக இருந்தது என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நான் இன்றைக்கும் நம்புகிறேன். கூடை என்னை நோக்கி வந்துகொண்டே இருந்தது. என் பிறவியில் அதுவரை ஒரு பந்தைக்கூட நான் கூடையில் போட முயன்றதில்லை. ஒரு கையால் தூக்கி எறிந்தேன். பந்து பலகையில் மோதி, வளையத்தில் ஒருமுறை சுற்றி, உள்ளே போனது. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்பு இருந்ததில்லை, அதற்குப் பின்பும் இல்லை.

தோற்றோம். படுதோல்வி. வளையல்களை மாட்டிக்கொண்டிருந்தபோது அந்த அம்மாள் எழுந்து வந்தார். எளாவூர் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு நேராக நின்றாள். அந்த அம்மாள் டிரில் டீச்சரிடம், "கூடையில போடறதுக்கு எங்ககிட்ட ஆள் இருக்காங்க. ஓடறதுக்குத்தான் இல்ல. கோட்டத் தாண்டி வந்தாளே அந்த உயரமான பொண்ணு, அவள அனுப்புங்க" என்றார். டீச்சர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் யாரோ கூப்பிட அந்த அம்மாள் போய்விட்டார்.

திரும்பி ரயிலேறினோம். பொதட்டூர் ஒருவரையும் கிண்டல் செய்யாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். எளாவூர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பெரம்பூர் தாண்டியபிறகு மெதுவாகக் கேட்டாள்.

"நான் கைய நீட்டிக்கினு நின்னேன். கூடைக்குக் கீழயே. நீ பாக்கலையா?"

"பாக்கலடி" என்றேன்.

"அதான் நெனச்சேன்" என்றாள். என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். திருவள்ளூர் வரும்வரை எடுக்கவில்லை.

பார்த்தேன். கோட்டைத் தாண்டியதுமே பார்த்தேன். வளையத்துக்கு நேர்கீழே, பக்கத்தில் ஒருத்திகூட இல்லாமல், இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேராக நீட்டிக்கொண்டு நின்றாள். பந்தைக் கொடுத்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருப்பாள். தாண்டியவள் நான்தான், அந்த அம்மாள் அப்போதும் என்னையே கேட்டிருக்கலாம், எனக்குத் தெரியாது. அதெல்லாம் அந்த நிமிஷத்தில் நான் யோசிக்கவில்லை. கொடுக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான். அத்தனை காலைகளில் பனிக்குள் வீசிவீசி அனுப்பியது போதும், இது ஒன்று எனக்கு என்று இருந்தது.

பதினைந்து நாளில் அலுவலகத்தில் இருந்து உத்தரவு வந்தது. எளாவூரை எடுத்துக்கொள்ளுங்கள் என்று பதில் எழுதலாம் என நினைத்தேன். நினைத்தது உண்மை. நைனாவே இந்த வேலை எதற்கு என்றுதான் சொன்னார். எனக்கு யாரையும் கட்டிவைக்க எந்தப் பெரியவரும் காத்திருக்கவில்லை. இருந்தும் வருகிறேன் என்று எழுதி, நானே தபால்பெட்டியில் போட்டேன். எளாவூர்தான் எனக்கு டிரங்குப் பெட்டியில் துணி மடித்து வைத்துக் கொடுத்தாள்.

மெட்ராஸில் ஐந்து பேர் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டேன். ஷூ போட்டேன், அரைக்கால் சட்டையும் போட்டேன். நன்றாகவே ஆடினேன். என் கால் பிறகு எந்தக் கோட்டிலும் நிற்கவில்லை. ஆனால் முதல் தடவை போல எதுவும் மிதக்கவும் இல்லை. பந்தைக் கேட்டு யார் கை நீட்டினாலும் உடனே கொடுத்துவிடுவேன். இவ்வளவு பெருந்தன்மை ஆகாது, சில சமயம் நீயும் போடவேண்டும் என்று அந்த அம்மாள் என்னைக் கடிந்துகொள்வார்.

அந்த வருஷம் ஆவணியில் எளாவூருக்குக் கல்யாணம். கூடூர் பாசஞ்சரில் போய் அவள் ஊரில் இறங்கினேன். வீட்டு வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல். உள்ளே மணப்பெண் உட்கார்ந்திருந்தாள். அக்காவின் சின்னக் குழந்தை அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, அவள் மடியைவிட்டு இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தது. சுற்றிலும் எங்கள் பழைய அணி. ஒருத்தியும் நகர்ந்து எனக்கு இடம் விடவில்லை.

பொதட்டூர்தான் ஆரம்பித்தாள். "வாம்மா மெட்ராஸ்காரி. இன்னா, இங்கயும் ஒண்டியாவே பூந்து போட்டுட்டுப் போவலாம்னு வந்தியா?"

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். மணப்பெண் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அவள ஒண்ணும் சொல்லாத" என்றாள். "அவ என்னப் பாக்கல. பாத்திருந்தா குடுத்திருப்பா. என் பக்கத்துப் பாய்ல படுத்தவ, எனக்குத் தெரியாதா?" பிறகு என்னைப் பார்த்து, "நீயே சொல்லுடி" என்றாள்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். பொதட்டூர் சற்று நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். கொஞ்ச நேரத்தில் பந்திக்குக் கூப்பிட்டார்கள். அவர்களோடு போய் உட்கார்ந்து, இலையில் வைத்ததை எல்லாம் சாப்பிட்டேன்.